கொடும்பாவி தொங்கிய இரவும் அதன் பின் 32 ஆண்டுகளும்: அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும் அறங்காவலர் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வட கரோலினா மாநிலத்தின் கேரி நகரில் 18 ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழன் நான். காரில் அரை மணி நேரம் போனால் சேப்பல் ஹில், இன்னொரு பக்கம் திரும்பினால் டர்ஹம், கிழக்கே போனால் ராலே என்று மூன்று பெரிய கூடைப்பந்துக் கல்லூரிகளுக்கு இடையில் வாழ்வதால், கிரிக்கெட் மட்டுமே தெரிந்து இங்கே வந்த எங்களைப் போன்ற குடும்பங்களும் ஓரிரு குளிர்காலங்களிலேயே இந்த ஆட்டத்துக்கு வசப்பட்டுவிடுகின்றன. தமிழில் எழுதும் மடல் உங்கள் மேசைக்கு வந்து சேருமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சேராமலும் போகலாம். ஆனால் உங்கள் கல்லூரிகளுக்குக் கட்டணம் கட்டுகிற, உங்கள் அரங்குகளில் சீட்டு வாங்கி உட்கார்கிற தமிழ்ப் பெற்றோர் பலர் இதைப் படிப்பார்கள். அவர்களில் சிலராவது இதே கேள்வியை உங்களிடம் உங்கள் மொழியில் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், அணியின் ஆட்டப் பருவம் முடிந்த ஓரிரு நாட்களுக்குள்ளேயே, தலைமைப் பயிற்சியாளர்களை வேலையை விட்டு அனுப்பும் அறிவிப்புகள் வரிசையாக வெளிவருகின்றன. மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு, சில இடங்களில் இரண்டே ஆண்டு. எங்கள் தெருவில் உள்ள தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் ஒரு கல்லூரி அணியில் மாணவ மேலாளராக இருந்தான். தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், பயிற்சி உடைகளைத் துவைத்து அடுக்குவதும், எதிரணி ஆட்டங்களின் காணொளியை வெட்டி ஒட்டித் தருவதும் அவனுடைய வேலை. தான் மூன்று ஆண்டு உடன் பணியாற்றிய பயிற்சியாளர் நீக்கப்பட்ட செய்தியை, உலர்ந்த உடைகளை எண்வாரியாக மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில்தான் அவன் பார்த்தான். அந்த உடைகளை அணிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடுத்த மாதம் முடிவதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மடித்ததை அடுக்குவதா வேண்டாமா என்று கேட்கக்கூட அங்கே ஆள் இல்லை என்று சொன்னான். அன்றிலிருந்து என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் 36 பருவங்கள் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளராகப் பணியாற்றிய டீன் ஸ்மித்தின் தொடக்க ஆண்டுகள்தான்.

ஸ்மித் 1961இல் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானபோது அவருக்கு வயது 30. அவருக்கு முன்பிருந்த ஃபிராங்க் மெக்வயர் 1957இல் தோல்வியே காணாமல் தேசியப் பட்டம் வென்ற புகழாளர். ஆனால் மாணவர்களைச் சேர்ப்பதில் நடந்த விதிமீறல்களுக்காக, கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. அந்தக் கல்லூரிக்குத் தண்டனை விதித்திருந்தது. அதே ஆண்டில் வெடித்த சூதாட்ட ஊழலால் பல்கலைக்கழக நிர்வாகமும் கடுமை காட்டியது. ஆட்டங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது, தொலைவிலிருந்து உதவித்தொகையோடு அழைத்துவரக்கூடிய வீரர்களுக்கும் வரம்பு கட்டப்பட்டது. இப்படிக் கையைக் கட்டி ஆற்றில் இறக்கிவிட்ட நிலையில், வேந்தர் வில்லியம் எய்காக் அந்த இளைஞரிடம் எதிர்பார்த்தது பட்டத்தை அல்ல. கல்லூரியின் பெயருக்கு இழுக்கு வராத, நேர்மையான ஒரு அணியை.

முதல் பருவத்தில் 8 வெற்றி, 9 தோல்வி. அடுத்த ஆண்டு 15க்கு 6 என்று சற்றே தலைநிமிர்ந்து, அதற்கடுத்த ஆண்டு 12க்கு 12 என்று மீண்டும் சரிந்தது. முதல் ஐந்து பருவங்களைக் கூட்டினால் 66 வெற்றி, 47 தோல்வி; என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியத் தொடருக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. இந்தக் கணக்கை இன்று உங்களில் ஒருவர் முன்னால் பெயரை மறைத்து வைத்தால், ஐந்தாம் ஆண்டு வரை அந்த மனிதரை விட்டுவைத்திருப்பீர்களா என்பதை உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

1965 ஜனவரியில் ஒரு நாள், வேக் ஃபாரஸ்ட் அணியிடம் 107க்கு 85 என்று அடிவாங்கிவிட்டு அணியின் பேருந்து சேப்பல் ஹில் திரும்பியது. வூலன் உடற்பயிற்சிக் கூடத்தின் முன் மாணவர்கள் கூடியிருந்தார்கள். ஸ்மித்தின் கொடும்பாவி தொங்கிக்கொண்டிருந்தது. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுப்பது எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம். அந்தப் பாவியை இழுத்து எரித்தால்தான் வானம் இரங்கும் என்பார்கள். வெற்றி பொய்த்தாலும் அதே சடங்குதான் போலும் என்று இந்தச் செய்தியை முதன்முதலாகப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். பேருந்து நின்றதும் அணியின் நட்சத்திர வீரர் பில்லி கன்னிங்ஹம் குதித்து இறங்கிப் போய் அதைப் பிய்த்து எறிந்தார். அடுத்த ஆட்டத்தில் அவர்கள் டியூக் அணியை அதன் சொந்த அரங்கிலேயே 65க்கு 62 என்று வென்றார்கள்.

கன்னிங்ஹமின் கோபத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் கவனிக்கச் சொல்வது அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருந்த மற்றவர்களை. அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆட முடியாது. ஆகவே ஒரு பயிற்சியாளர் இன்று கண்டெடுத்து அழைத்துவந்த பையனின் ஆட்டத்தை மக்கள் பார்க்க ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்த இரவில் பாப் லூயிஸ் இரண்டாம் ஆண்டு மாணவர். லாரி மில்லர் அதே வளாகத்தில், முதலாண்டு அணியில் இருந்தார். அந்த இருவரையும் தூணாகக் கொண்டுதான் இரண்டு ஆண்டு கழித்து, 1967இல், வட கரோலினா 26 ஆட்டங்களை வென்று ஃபைனல் ஃபோர் எனப்படும், தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகளின் சுற்றுக்குப் போனது. 1968லும் 1969லும் மீண்டும் போனது. நோய்க்கான மருந்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. கொடும்பாவியைக் கட்டியவர்களுக்குத்தான் அது தெரியவில்லை. முடிவெடுக்கும் அதிகாரத்தில் இருந்தவர்கள் அன்று அந்தக் கூட்டத்தின் குரலுக்குச் செவிசாய்த்திருந்தால், லூயிஸ், மில்லர் இருவரின் அறுவடையையும் வேறொருவர் தன் பெயரில் எழுதிக்கொண்டிருப்பார். அல்லது அவர்கள் மனம் உடைந்து ஒதுங்கியிருப்பார்கள். நியூயார்க்கிலிருந்து வந்து, வட கரோலினாவின் லாரின்பர்க்கில் பள்ளிப்படிப்பை முடித்த சார்லி ஸ்காட், 1966இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின விளையாட்டு வீரராக வந்து சேர்ந்ததும் நடந்திருக்குமா என்பது ஐயமே.

அதன் பின்னும் பட்டம் உடனே கிடைத்துவிடவில்லை. 1968, 1977, 1981 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார். பெரிய ஆட்டத்தை வெல்லத் தெரியாதவர் என்ற பெயரும் வாங்கினார். 1982இல், ஏழாவது ஃபைனல் ஃபோரில், தன் 21ஆவது பருவத்தில்தான், முதலாண்டு மாணவராக இருந்த மைக்கேல் ஜோர்டனின் கடைசி நேர வீச்சில், ஜார்ஜ்டவுன் அணியை 63க்கு 62 என்று ஒரே புள்ளியில் வென்று தேசியப் பட்டத்தைத் தொட்டார். 1993இல் இரண்டாவது பட்டம். 1997இல் ஓய்வு பெற்றபோது 879 வெற்றிகள். அன்று கல்லூரி ஆண்கள் அணிகளின் வேறெந்தப் பயிற்சியாளரும் எட்டாத எண்ணிக்கை அது.

எண்ணிக்கையைவிட எனக்கு நெருக்கமானவை அவர் பழக்கிவிட்ட சின்னச் சின்னச் செயல்கள். கூடையில் பந்தைப் போட்டவன், அதைத் தனக்குக் கொடுத்தவனை நோக்கி விரலை நீட்டிச் சுட்ட வேண்டும். களைத்துப் போனவன் கை விரல்களை மடக்கி முஷ்டியை உயர்த்திக் காட்டினால் வெளியே எடுப்பார். மூச்சு வாங்கிக்கொண்டு தானாகவே மீண்டும் இறங்கிக்கொள்ளலாம். களைப்பை மறைத்து ஏமாற்றினால்தான் உள்ளே போகும் நேரத்தை அவர் தீர்மானிப்பார். கடைசி ஆண்டு மாணவர்களின் இறுதி உள்ளூர் ஆட்டத்தில், பருவம் முழுக்கப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவன் உட்பட, அவர்கள் எல்லோரையும் தொடக்க அணியில் இறக்குவார். எங்கள் நகரப் பூங்கா அணியில் ஆடும் என் பத்து வயது மகள், ஸ்மித் யாரென்றே தெரியாமல், பந்து கொடுத்த தோழியை நோக்கி விரல் நீட்டுகிறாள். இவை எதுவும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேர்பிடிக்கக்கூடியவை அல்ல.

ஸ்மித்தை மட்டும் விதிவிலக்காகச் சொல்லித் தப்பிக்க முடியாது. அவருக்குப் பத்து மைல் தள்ளி, டியூக் பல்கலைக்கழகத்தில் மைக் ஷஷெவ்ஸ்கியின் முதல் மூன்று பருவக் கணக்கு 38 வெற்றி, 47 தோல்வி; மூன்றாம் பருவம் வர்ஜினியாவிடம் 109க்கு 66 என்ற அவமானத்தோடு முடிந்தது. ஆதரவாளர்கள் கொதித்தார்கள். அன்றைய விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ், உங்கள் நாற்காலியில் இருந்தவர், அவரை அனுப்பவில்லை. அடுத்த பருவத்தின் நடுவில் ஒப்பந்தத்தை நீட்டித்தார். அதற்குக் கிடைத்த வட்டி ஐந்து தேசியப் பட்டங்கள். ஜான் வுடன் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் 1948இல் சேர்ந்து, பத்துப் பட்டங்களில் முதலாவதைப் பெற்றது 1964இல். இதெல்லாம் பழங்கதை என்பீர்களானால், 2018இல் தேசியத் தொடரின் தரவரிசையில் முதல் நிலை அணியாக இருந்தும், தன் பிரிவின் கடைசியான 16ஆம் நிலை அணியிடம் தோற்ற முதல் ஆண்கள் அணி என்ற கறையைச் சுமந்த வர்ஜினியா, அதே டோனி பென்னட்டின் கீழ் அடுத்த ஆண்டே பட்டம் வென்றதை நீங்கள் மறந்திருக்க முடியாது.

காலம் மாறிவிட்டது என்பது உங்கள் பதிலாக இருக்கும். அதில் உண்மையும் இருக்கிறது. வீரர்கள் தங்கள் பெயரால் பணம் ஈட்ட 2021இல் வழி திறந்தது. கல்லூரி மாறுவதற்கு இருந்த தடைகளும் அதே காலத்தில் தளர்ந்து, பின்னர் ஏறக்குறைய மறைந்தே போயின. அந்த பென்னட்டே, இந்தப் புதிய சூழலுக்குத் தான் பொருத்தமானவன் அல்ல என்று கூறி, 2024 அக்டோபரில் பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது விலகினார். ஆனால் இந்த மாற்றம் பொறுமைக்கு எதிரான வாதம் என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பயிற்சியாளர் மாறினால் வீரர்கள் வேறு கல்லூரி தேடுவதற்கு விதியே தனி அவகாசம் தருகிறது. ஆகவே முன்பு ஒருவரை நீக்கினால் ஒருவர் போனார். இன்று அணியே கலைகிறது. பிறகு புதியவருக்கு ஒப்பந்தம், பழையவருக்கு மீதமுள்ள ஆண்டுகளுக்கான மில்லியன் கணக்கான இழப்பீடு, புதிதாக ஆள் சேர்க்கத் தனிச் செலவு. ஒரு வீட்டுக்கு இரண்டு கொத்தனாருக்குக் கூலி கொடுத்துவிட்டு அஸ்திவாரத்தைத் திரும்பத் தோண்டுவதை எந்த ஊரில் சிக்கனம் என்பார்கள்?

எல்லாப் பயிற்சியாளரையும் காலத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாணவர்களை இழிவுபடுத்துபவரையும், விதியை மீறுபவரையும் முதல் ஆண்டிலேயே அனுப்பலாம். அங்கே பொறுமை காட்டுவதுதான் குற்றம். வெற்றிக்குப் பதிலாக வேறொரு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. ஸ்மித்தின் வீரர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பட்டம் பெற்றார்கள் என்று பெருமையோடு சொல்வார்கள். அதே பல்கலைக்கழகத்தில் வகுப்பே நடக்காத பாடங்களுக்கு மதிப்பெண் வழங்கப்பட்ட முறைகேடு 18 ஆண்டுகள் நடந்ததாக 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது. 1993இல் அது தொடங்கியபோது ஸ்மித் பணியில் இருந்தார் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. எந்த எண்ணையும் அளவுகோலாக்கினால் அந்த எண்ணை உருவாக்கித் தர ஆள் கிடைப்பார்கள். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பையன்களைப் போய்ப் பார்க்க வேண்டியது உங்கள் வேலை. ஸ்மித் 2015இல் மறைந்த சில வாரங்களில், அவரிடம் ஆடிய ஏறத்தாழ 180 முன்னாள் வீரர்களுக்கு அவருடைய உயிலின்படி ஆளுக்கு 200 டாலர் காசோலை வந்தது, வெளியே போய் ஒருவேளை உணவு உண்ணுங்கள் என்ற குறிப்போடு. நட்சத்திர வீரருக்கும் பெஞ்சிலிருந்தவருக்கும் ஒரே தொகை.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். ஒரு பயிற்சியாளர் தானே தேர்ந்து சேர்த்த முதல் அணி மாணவர்கள் நான்காம் ஆண்டை முடிக்கும் முன், தோல்விக் கணக்கை மட்டும் காரணம் காட்டி அவரை நீக்குவதில்லை என்று உங்கள் ஒப்பந்தங்களிலேயே எழுதுங்கள். நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தோற்ற மறுநாள் நன்கொடையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவில் அல்லாமல், அணி மாணவர்களோடு நேரில் பேசிய பிறகு முடிவெடுங்கள். செய்தி அவர்களுக்குக் கைப்பேசி வழியாகப் போய்ச் சேர வேண்டாம். வருகிற மார்ச்சில் அந்தக் கூட்டத்துக்கு உட்காரும்போது, வெற்றி தோல்விப் பட்டியலோடு, இந்த ஆண்டு அதிகம் ஆட வாய்ப்பில்லாத முதலாண்டு மாணவர்களின் பட்டியலையும் மேசையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அதில் ஒரு லாரி மில்லர் இருக்கிறாரா என்று அந்தப் பயிற்சியாளரையே அழைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கேரி நகரத்துக் கூடைப்பந்து ரசிகன் ஒருவன்