ஸ்டில் கேமராவில் வீடியோ வேலை: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். போட்டோ எடுக்க வாங்கிய மிரர்லெஸ் கேமராவை நம்பி, காசு வாங்கிக்கொண்டு வீடியோ வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். படம் நன்றாக வருமா என்பதுதான் உன் கவலை. அதை விட்டுவிடு. 2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. 2010-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முழு எபிசோடையே அதில் எடுத்துவிட்டார்கள். படத்தைச் சுற்றியிருக்கும் மற்ற வேலைகளில்தான் இந்தக் கேமராக்கள் கைவிடும்.

வெளிச்சத்தையே எடுத்துக்கொள். வெயில் கூடினால் ஷட்டரை 1/2000 விநாடிக்கு ஏற்றிப் பழகிய கை உன்னுடையது. விநாடிக்கு 25 ஃபிரேம் வீடியோவில் ஷட்டர் 1/50-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அதைவிட வேகமாக வைத்தால் நடையும் கையசைவும் வெட்டி வெட்டித் தெரியும். உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-இலேயே லென்ஸ் துளை எஃப் 22 வரை சுருங்க வேண்டும். பின்னணி மங்க வேண்டும் என்று எஃப் 2.8 வைத்தால் 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைக்க வேண்டும். அதற்கு என்டி 64, அதாவது வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும் கறுப்பு ஃபில்டர் வேண்டும். லாக்கில் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் முறை) ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காத கேமராவாக இருந்தால் 9 ஸ்டாப். நல்ல வீடியோ கேமராக்களில் என்டி உள்ளேயே இருக்கும், பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பினால் போதும். நீ லென்ஸ் முன்னால் மாட்டிக் கழற்ற வேண்டும். திருப்பித் திருப்பிக் கறுப்பைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி வசதிதான். ஆனால் வைட் லென்ஸில் அதைக் கடைசிவரை திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்பு விழும். எடிட்டில் அதை எடுக்கவே முடியாது.

லாக் என்றதும் ஒன்று. உன் கேமரா 8 பிட் என்றால் லாக் பக்கமே போகாதே. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். கலர் கரெக்‌ஷனில் இழுத்ததும் வானம் பட்டை பட்டையாகப் பிரியும். 10 பிட்டில் 1024 படிகள், தாங்கும்.

ஒலிதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. ஆட்டோ லெவலில் விட்டால், பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கேமரா தானாக ஒலியைக் கூட்டும். அந்த மௌனம் முழுக்க இரைச்சல் ஏறும். மேனுவலுக்கு மாற்று. கேமராவின் லெவலை நன்றாகக் குறைத்து, மைக் ரிசீவரின் அவுட்புட்டைக் கூட்டு. முக்கியமான பேச்சுக்குத் தனி ரெக்கார்டர் வை. இரண்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ்; இரண்டு ஒலியையும் எடிட்டில் பொருத்தத் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், நீளமான டேக்கில் முடிவிலும் ஒன்று. ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு கடிகாரமும் விலகும். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாக நிற்கும்.

அடுத்து சூடு. பெரும்பாலான ஸ்டில் கேமராக்களில் ஃபேன் கிடையாது, சென்சாரின் வெப்பம் கேமராவின் உடம்பில்தான் இறங்க வேண்டும். வெயிலில் 4கே 60 ஃபிரேம் ஓட்டினால் பாதியில் அணைந்துவிடலாம். திரையைக் கேமராவின் உடம்பிலிருந்து விலக்கி வை, கேமராமேல் நிழல் விழட்டும், 25 ஃபிரேமே போதும் என்றால் அதிலேயே எடு. பழைய மாடல்கள் சூடே இல்லாமலும் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும். 30 நிமிடம் தாண்டிப் பதிவு செய்தால் ஐரோப்பியச் சுங்கத்தில் வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு வரி போட்டார்கள் என்பதால் வைத்த கட்டுப்பாடு அது. கார்டையும் கணக்குப் போடு: விநாடிக்கு 100 மெகாபிட்டில் மணிக்கு 45 ஜிபி, 400 மெகாபிட்டில் 180 ஜிபி.

ஆகவே பேட்டி, சின்ன விளம்பரம், பொருட்களைக் காட்டும் வீடியோ என்றால் தைரியமாக ஒப்புக்கொள். தவறினால் இன்னொரு டேக் போகலாம். மேடை நிகழ்ச்சி, நீண்ட சடங்கு போன்றவற்றை இந்த ஒரே கேமராவை நம்பி எடுக்காதே. இரண்டாவது கேமரா வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காமல் பத்து நிமிடம் முன்பின்னாக ஓட்டு. இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் வீடியோ கேமரா வாடகைக்கு எடு.

முன்பணம் வாங்கும் முன், வேலைக்குத் தேவையான அதே செட்டிங்கில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார். எந்த நிமிடத்தில் நின்றது, எத்தனை பேட்டரி போனது என்று குறித்து, கேமராவின் மாடலோடு எனக்கு எழுது. மெனுவில் எதை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்