பையில் வெந்த லேப்டாப்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள சுயம்பு,

நீ கேட்டு இரண்டு மாதம் ஓடிவிட்டது. ‘மக யாழினிக்கு லேப்டாப் வாங்கணும், விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் போடுவேன்னு நிக்கா, எது நல்லது?’ என்று ஒரே வரி. வேலை அதிகம் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். வெட்கம்தான் காரணம். ஊருக்கெல்லாம் லேப்டாப் வாங்கிக்கொடுத்த ஆள், எனக்கென்று வாங்கும்போது நன்றாக ஏமாந்து உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் பழைய கதைதான். புனிதாவுக்கு ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாறிவிட்டது; சில்க் போர்டைத் திட்டாமல் அவள் செருப்பைக் கழற்றுவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். விசைப்பலகைக்குக் கீழே சிவப்பு விளக்கு எரியும் ரகம். தனி கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை. “இந்த வயசில் என்ன விளையாடப் போறீங்க?” என்றாள் புனிதா. பிறகு அதுதான் என்னை வைத்து விளையாடியது.

முதல் நாளே வைஃபை இல்லை. உள்ளே இருந்த சிப் அவ்வளவு புதிது. நான் போட்டது டெபியன் என்ற லினக்ஸ் ரகம்; அதன் கர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, அந்தச் சிப்பின் முகமே தெரியவில்லை. போனைக் கேபிளில் கோர்த்து, அதிலிருந்து இணையம் வாங்கி, புதிய கர்னல் இறக்கி, ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. செட்டிகுளம் கம்ப்யூட்டர் சென்டரில் 2005-இல், விண்டோஸை நம்பியே செய்த அந்த வின்மோடத்தோடு மல்லுக்கட்டினோமே, அதே சனிக்கிழமை. தங்கதுரை சார் வாசலில் நின்று ‘ஆச்சாடே?’ என்று கேட்காததுதான் குறை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தூக்கம்தான் கொன்றுவிட்டது. என் தூக்கம் இல்லை, அதன் தூக்கம். ஒயிட்ஃபீல்டில் சாயங்காலம் மூடியை மூடிப் பையில் போட்டு மெட்ரோ ஏறினேன். இந்திராநகர் வருவதற்குள் முதுகு சுடுகிறது. பக்கத்தில் நின்றவர் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சாப்பாடா சார்?” என்கிறார். வீட்டில் திறந்தால் 80 சதவீதத்தில் இருந்த பேட்டரி 11-இல் நிற்கிறது.

மூன்று வாரம் இதையே தோண்டினேன். முன்பெல்லாம் மூடினால் ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் செத்த மாதிரிக் கிடக்கும். எஸ்3 தூக்கம் என்பார்கள். புதிய மிஷின்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். போன் மாதிரி அரைத்தூக்கம்தான் இப்போது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் அடங்கினால்தான் பிராசசர் ஆழமாகத் தூங்கும். எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிஸ்கோ ஏதோ ஒரு கார்டோ கண்ணை மூடவில்லை என்றால் போச்சு. கல்யாண வீட்டு ஹாலில் ஒரு குழந்தை அழுதால் யார் தூங்க முடியும்? விளம்பரத்தில் ராம் எவ்வளவு, திரை எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இதைச் சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை.

இதையெல்லாம் சிரிப்பாக எழுதிவிடலாம் என்று இருந்தேன். போன வாரம் உன் இரண்டாவது செய்தி வந்தது. 80,000 ரூபாய்க்கு ஒன்று பார்த்திருப்பதாகவும், மாதத் தவணையில் எடுப்பதாகவும். நீ கடையை மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மக்கா. பிள்ளை கேட்டுவிட்டாள் என்பதற்காக அந்தத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. நீ காட்டிய மாடலும் என்னுடையதற்குச் சித்தப்பா மகன்தான்.

பழையதை வாங்கு. கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. லினக்ஸில் டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு சிப்பையும் இயக்கும் நிரல்கள், பெரும்பாலும் கர்னலுக்குள்ளேயே வருகின்றன. ஒரு சிப் சந்தைக்கு வந்து, யாராவது அதற்கு டிரைவர் எழுதி, அது கர்னலில் சேர்ந்து, பிழைகள் தீர்ந்து, நம் கைக்கு வர நாளாகும். ஐந்தாறு வருடப் பழைய மிஷினில் அந்தப் பாடெல்லாம் முடிந்திருக்கும். அதுவும் திங்க்பேட், லாட்டிட்யூட் மாதிரி ஆபீஸ் ரகங்களைக் கர்னல் எழுதுகிறவர்களே நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதிலிருந்து ஆபீஸ்கள் பழையதைக் கழிக்கின்றன, இங்கே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நேற்று அங்கே போனேன். உனக்காகத்தான், ஆனால் உன்னைக் கேட்கவில்லை. டவுன் ஹால் பக்கம் இறங்கி, சந்துக்குள் மூன்றாவது கடை. நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன். என் கன்னடத்தைக் கேட்டதுமே அவர் தமிழுக்கு வந்துவிட்டார், ஆம்பூர்க்காரராம். 2018 மாடல் திங்க்பேட் டி480 ஒன்றை எடுத்து வைத்தார். “பணம் கொடுப்பதற்கு முன்னால் என் பென்டிரைவைப் போட்டுப் பார்க்கலாமா?” என்றேன். ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

எஃப்12 அழுத்தி, பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஏற்றினேன். ஹார்ட் டிஸ்கைத் தொட வேண்டியதே இல்லை. வைஃபை பக்கத்துக் கடைகளையெல்லாம் காட்டியது. சத்தம், கேமரா, வெளிச்சம் கூட்டும் விசை எல்லாம் சரி. மூடியை மூடிவிட்டு ஒரு டீ குடித்து வந்து திறந்தேன். ஜில்லென்று இருந்தது, அப்படியே விழித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் சிரிப்பாய். உள் பேட்டரி புதிதில் 24 வாட்-அவர், இப்போது 19 தாங்குகிறது. மிஷின் எழும்போது முதலில் ஓடும் பயாஸுக்குள்ளும் போய்ப் பார்த்தேன். ஆபீஸ்களிலிருந்து வருவதில் சில, சூப்பர்வைசர் கடவுச்சொல் போட்டுப் பூட்டியே வரும். அது தெரியாமல் வாங்கினால் பிறகு எந்தச் சாமியும் திறக்காது. இது திறந்திருந்தது. 22,000 சொன்னார், 20,500-க்கு முடிந்தது. ராமுக்கு இரண்டு குழி இருக்கிறது, பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

யாழினி ஏஐ படிக்க என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பாள். 2012-இல் லினக்ஸை உருவாக்கிய டொர்வால்ட்ஸ் மேடையிலேயே அந்தக் கம்பெனியைப் பார்த்து நடுவிரலைக் காட்டினாரே, அதை நீதான் எனக்கு அனுப்பினாய். 2022-இல் அவர்களும் கர்னல் டிரைவரின் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள், இப்போது நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் முதல் வருடத்தில் அவள் சி-யும் பைத்தானும்தான் படிக்கப் போகிறாள். பெரிய கணக்கு வந்தால் இணையத்தில் கூகுளின் கோலாப்பில் இலவசமாகப் போட்டுப் பார்க்கட்டும். மூன்றாம் வருடம் பார்ப்போம். அப்போது நானே அழைத்துப் போகிறேன்.

பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸிலேயே தமிழ்99 தட்டச்சு முறையைப் போட்டுவிட்டேன், இந்தக் கடிதமே அதில் அடித்ததுதான். என் மிஷின் பக்கத்தில் சிவப்பாக எரிந்துகொண்டு பார்க்கிறது.

பணத்தைப் பற்றி இப்போது பேசாதே, கோபம் வரும். வெள்ளிக்கிழமை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், லேப்டாப்போடு வருகிறேன். சந்திராவிடம் ரசவடை மட்டும் சொல்லிவை. யாழினி லினக்ஸைப் போட்டு முடித்ததும் பென்டிரைவை வாங்கி என் கையில் கொடுத்துவிடு. 2006-இல் என் பெயருக்குத் தபாலில் வந்த உபுண்டு லினக்ஸ் சிடியே இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

உன்,
பாலு