கால்கரியிலிருந்து அப்பாவுக்கு

கால்கரி,
கனடா,
14 நவம்பர் 2018

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் கைக்குக் கிடைத்தது. பழைய வீட்டுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இனிமேல் உறையின் பின்னால் உள்ள முகவரிக்கே எழுதுங்கள். போனில் பேசினால் "சாப்பிட்டியா" என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா வாங்கிக்கொள்கிறாள். நீங்கள் கேட்க நினைப்பதெல்லாம் இப்படித்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. நான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு வேலை தவிர வேறு காரணம் இல்லை. கவலைப்பட வேண்டாம்.

"உங்க ஊருக்கு ஒலிம்பிக் வரப்போவுதாமே, பேப்பர்ல ரெண்டு வரி போட்டிருந்தான்" என்று எழுதியிருந்தீர்கள். வராது அப்பா. நேற்றுத்தான் முடிவானது.

நேற்று செவ்வாய்க்கிழமை ஊரே ஓட்டுப் போட்டது. கட்சிக்கு இல்லை. 2026-ம் வருஷக் குளிர்கால ஒலிம்பிக்கையும் பாராலிம்பிக்கையும் கால்கரி நடத்தலாமா வேண்டாமா, கேள்வி அவ்வளவுதான். மூன்று லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். ராத்திரியே எண்ணி, நூற்றுக்கு 56 பேர் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி நகராட்சி இதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் மாநில அரசு 70 கோடி டாலர் தருகிறேன், ஓட்டில் சம்மதம் வந்தால்தான் தருவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தது. அப்புறம் என்ன, கதை முடிந்தது. குடியுரிமை வாங்கியவர்களுக்குத்தான் ஓட்டு என்பதால் நான் வேடிக்கை மட்டும் பார்த்தேன்.

ஒரு தமாஷ் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு முன், அக்டோபர் 31-ம் தேதி, இந்த ஓட்டெடுப்பே வேண்டாம், விஷயத்தை இப்போதே கைவிட்டுவிடுவோம் என்று நகர மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆதரவு 8, எதிர்ப்பு 7. ஆனால் தீர்மானம் தோற்றது! 10 பேர் கை தூக்கியிருக்க வேண்டுமாம். நம்மூர்ப் பஞ்சாயத்தில் எட்டு தோற்று ஏழு ஜெயித்திருந்தால் நாற்காலி ஒன்றும் மிஞ்சியிருக்காது. இங்கே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேயர் நஹீத் நென்ஷி நடத்தியே ஆக வேண்டும் என்ற பக்கம். அவர் இந்திய வம்சாவளி என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

மேல்வீட்டுக் கிழவருக்குத்தான் மனசு ஆறவில்லை. நான் இப்போது அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். தனி வாசல், தனி அடுப்பு. ஒரு ஆளுக்கு அவ்வளவு பெரிய வீட்டைச் சூடுபடுத்துவது வீண் செலவு, இங்கே கதகதப்பாக இருக்கிறது. கிழவருக்கு உங்கள் வயதுக்கு மேலே. 1988-ல் இங்கே குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது தொண்டராக வேலை செய்தவர். அப்போது கொடுத்த ஜாக்கெட்டை இன்னும் போட்டுக்கொண்டுதான் பனி தள்ளுகிறார். பனி நின்று 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். இவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டு, எத்தனை நிமிஷத்தில் முடித்தார் என்று சுவரில் எழுதி வைக்கிறார். நான் தள்ளினால் எனக்கும் நேரம் பிடிக்கிறார். பள்ளிக்கூடத்தில் நீங்கள் விசில் ஊதி எங்களை ஓடவிட்டது போதாது என்று இங்கே இவர்.

அவரிடம் கேட்டால் 1988-ஐப் பற்றி விடிய விடியச் சொல்லுவார். சினூக் என்று ஒரு காற்று மலைப்பக்கமிருந்து வரும். நேற்றுவரை மூக்கு உறையும் குளிர், இன்று மதியம் தெரு முழுக்கத் தண்ணீர் என்று ஆகிவிடும். அந்த வருஷம் போட்டி நடுவில் அந்தக் காற்று வந்து, ஸ்கீ தாண்டும் போட்டியையும் பனிச்சறுக்கு வண்டிப் போட்டிகளையும் தள்ளிவைக்க வேண்டி வந்ததாம். பதக்கம் கொடுத்த மைதானத்துக்குத் தரைக் கல் வாங்க ஜனங்கள் ஆளுக்கு 19 டாலர் 88 சென்ட் கொடுத்துத் தங்கள் பேரைப் பொறித்துக்கொண்டார்கள். அவர் மனைவி பேரும் ஒரு கல்லில் இருக்கிறது, என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். ஸ்கீ தாண்டுவதில் எல்லோருக்கும் கடைசியாக வந்த எடி எட்வர்ட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரரைத்தான் கூட்டம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அவர் சுவர் பூசும் தொழிலாளி. இத்தனைக்கும் வீட்டுக்காரர்களான கனடாவுக்கு அந்த வருஷம் ஒரு தங்கம்கூடக் கிடையாது, இரண்டு வெள்ளி, மூன்று வெண்கலம். அதைச் சொன்னால் மட்டும் கிழவர் பேச்சை மாற்றிவிடுவார்.

உங்களுக்காகவே ஒன்று தேடிப் பிடித்தேன். நம் நாட்டிலிருந்தும் அப்போது மூன்று பேர் இங்கே வந்திருக்கிறார்கள். அதில் ஷைலஜா குமார் என்பவர்தான் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியப் பெண். சறுக்குப் போட்டியில் 28-வதாக வந்தார். உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெருமை இருந்தும் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கேட்பீர்கள். முதலில் பணம். மொத்தச் செலவு 510 கோடி டாலர் என்று திட்டம் போட்டார்கள். பழைய அரங்குகளைத்தான் சரிசெய்து நடத்துவோம், புதிதாக அதிகம் கட்டமாட்டோம் என்றார்கள். ஸ்கீ தாண்டுவதைப் பக்கத்து மாநிலத்தில் விஸ்லரில் வைத்துக்கொள்வதாக இருந்தது. கிழவருக்கு அதிலேயே பாதி உற்சாகம் போய்விட்டது. ஓட்டு என்னவோ ஆதரித்துத்தான் போட்டார். அவர் மகள் எதிர்த்துப் போட்டாள், இரண்டு பேரும் நேற்றிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. மொண்ட்ரியலில் 1976-ல் நடத்திய ஒலிம்பிக் கடனை 2006 வரை கட்டினார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். முப்பது வருஷம்! நம் கிணற்று மோட்டார் கடன் பரவாயில்லை போலிருக்கிறது.

அடுத்த காரணம் இந்த ஊரின் நிலைமை. 2014-ல் எண்ணெய் விலை விழுந்ததிலிருந்து ஊர் எழுந்திருக்கவில்லை. நடுநகரத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் ஆபீஸ் இடத்தில் கால்வாசி காலி. கட்டடத்துக்குக் கட்டடம் பதினைந்து அடி உயரத்தில் மூடின நடைபாலம் போட்டிருக்கிறார்கள். குளிர் தெரியாமல் மைல் கணக்கில் அதிலேயே நடக்கலாம். பகல் பதினொரு மணிக்கு நடந்து பாருங்கள், கையில் ஃபைலோடு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லாத ஆட்கள் எத்தனை பேர் என்று தெரியும். அவர்களிடம் போய்ப் பதினாறு நாள் திருவிழாவுக்கு வரி கேட்டால் என்ன சொல்லுவார்கள்? விளையாட்டு பிடிக்காமல் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது வேறு இடத்தில் வேலை, இரவு ஷிப்ட், அதனால் பகல் முழுக்க எனக்குத்தான். காரைக் கொடுத்துவிட்டேன், இந்தப் பனியில் ஓட்டுவது ஆபத்து. ரயில் நன்றாக ஓடுகிறது.

கால்கரி மட்டும் இல்லை அப்பா, இந்த 2026-க்கு வரிசையில் நின்ற ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. இன்ஸ்ப்ரூக்கில் போன வருஷமே ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். சுவிட்சர்லாந்தில் சியோனும் இந்த ஜூனில் அப்படியே. கிராட்ஸ் விலகியது. ஜப்பானின் சப்போரோ நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒதுங்கிக்கொண்டது. துருக்கியின் எர்சுருமை ஒலிம்பிக் கமிட்டியே சேர்த்துக்கொள்ளவில்லை. மிச்சம் ஸ்டாக்ஹோமும், இத்தாலியில் மிலானோடு சேர்ந்த கோர்ட்டினாவும். இதே கோர்ட்டினாவை 1981-ல் தோற்கடித்துத்தான் கால்கரி 1988-ஐ வாங்கியது. அதற்கு முன் 1964, 68, 72 என்று மூன்று தடவை இந்த மலைப்பக்கத்துக்குக் கேட்டுக் கிடைக்காமல், அப்புறம் கிடைத்தது. அப்படி ஏங்கி வாங்கின ஊர்தான் இப்போது கையை உதறியிருக்கிறது.

2003-ல் நம் டெல்லி இதே கனடாவின் ஹாமில்டனை 46-க்கு 22 என்று ஜெயித்து 2010 காமன்வெல்த் போட்டியை வாங்கியபோது நீங்கள் வகுப்பில் மிட்டாய் கொடுத்தீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் பயிற்சிக்கென்று ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொல்லித்தான் அதை வாங்கினோம். திறப்பு விழாவுக்குச் சில நாள் முன் நடைமேம்பாலம் இடிந்ததும், போட்டி நடத்திய கமிட்டித் தலைவர் கல்மாடி ஜெயிலுக்குப் போனதும் ஞாபகம் இருக்கும். டெல்லியில் யாராவது ஜனங்களைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் நானே வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். 1995-ல் கம்பன் எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் கூட்டிப் போய் நேரு ஸ்டேடியத்தில் தெற்காசிய நாடுகளின் சாஃப் போட்டி காட்டினீர்களே. அந்தப் பச்சைப் புல்லையும் விளக்குகளையும் பார்த்தவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவான்?

சாப்பாடு நானே செய்துகொள்கிறேன். ரசம் வைக்கிறேன், குழம்பு சுமார். தேங்காய்தான் சகிக்கவில்லை, உடைத்தால் இரண்டில் ஒன்று அழுகல். நம் தோப்பு வாசலில் குவித்துக் கிடப்பதை நினைத்துக்கொண்டு பாதியைத் தூக்கிப் போடுகிறேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, மீதியை வந்து எழுதுகிறேன்.

17 நவம்பர், சனி

அப்பா, மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று இருந்தேன். புயல் செய்தி பார்த்ததிலிருந்து உங்கள் போன், தங்கச்சி போன், வக்கீல் மாமா போன் எதுவும் போகவில்லை. கடைசியில் திருச்சி சித்தப்பா எடுத்தார். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, மேற்குப் பக்க ஓடு போய்விட்டது, மாடு இரண்டும் பத்திரம், தோப்பில் நிற்கிற மரத்தை எண்ணிவிடலாம் என்றார். அப்புறம் அவர் மகன் ஒரு போட்டோ அனுப்பினான். களம் எது, கொட்டகை எது என்று அடையாளமே தெரியவில்லை. தாத்தா வைத்த வரிசை முழுக்கப் படுத்துக் கிடக்கிறது. நான் ஏறிப் பழகின கிணற்றடி மரம் இருக்கிறதா?

இங்கே யாரிடம் சொன்னாலும் முதலில் மேப்பை விரித்துப் பேராவூரணியைக் காட்ட வேண்டியிருக்கிறது. கிழவர் ஒருவர்தான் மேப் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வர வேண்டும் போல இருக்கிறது அப்பா. ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு உங்களோடு நின்று மட்டையையாவது கழிக்க வேண்டும் போல இருக்கிறது. இப்போதைக்கு லீவு கேட்க முடியாது. புது இடம்.

கோயிலில் பழக்கமான திருச்சிக்காரர் ஒருவர் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார், இந்தக் கடிதம் அவர் கையில் வரும். சித்தப்பா கணக்கில் இருபதாயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். பாங்கில் ஒரு நேரத்தில் இவ்வளவுதான் அனுப்ப விடுகிறார்கள், மீதியை டிசம்பரில் அனுப்புகிறேன். முதலில் அதில் தார்ப்பாய் வாங்கி மேற்குப் பக்கத்தை மூடுங்கள், ஓடு அப்புறம் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் மேலே ஏறக் கூடாது, இது அம்மாவுக்கும் சொல்லி வைக்கிறேன்.

விழுந்த மரத்தை அவசரப்பட்டு யாருக்கும் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். வி.ஏ.ஓ. வந்து எண்ணுகிற வரை அப்படியே கிடக்கட்டும், தங்கச்சியை விட்டு நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சிட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கிறதா, உங்கள் பேருக்கு மாற்றியாகிவிட்டதா என்று வக்கீல் மாமாவிடம் உடனே கேளுங்கள். பெரியப்பா பங்கும் நம் பங்கும் ஒரே கணக்கில் இருந்தால் பணம் வரும்போது சண்டை வரும், அதை இப்போதே பேசிவிடுங்கள். பெண் வீட்டாரிடம் என் விஷயத்தைத் தை முடிகிற வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். புயலைக் காரணம் சொன்னால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சங்கத்தில் வைத்த அம்மா வளையலுக்கு மார்கழியில் தவணை முடிகிறது. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துவிடுங்கள், மீட்க வேண்டாம். ரசீது பீரோ மேல்தட்டில், என் பள்ளிக்கூடச் சான்றிதழ் உறைக்குள் இருக்கிறது. நனைந்திருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் காய வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்