சர்மியெந்தோ மலையைக் காட்டியவருக்கு

அண்ணே,

கப்பலில் ‘சார்’ என்றேன், இப்போது ஊர் வழக்கப்படி எழுதுகிறேன். செகண்ட் மேட் (கப்பலின் இரண்டாம் அதிகாரி) லைசென்ஸ் வந்துவிட்டது. அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய சிபாரிசுக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. போனை எடுக்காததும் அதனால்தான். மன்னித்துக்கொள்ளுங்கள், பாதிக்கு மட்டும்.

சிலி நாட்டு வல்பராய்சோ துறைமுகத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். நாலு பேர் படிக்கிற இடம், கம்பெனி பெயரை எழுத மாட்டேன். யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அதற்கு முன்னால், தென்னமெரிக்காவின் தென்கோடியில், மகெல்லன் நீரிணையில் அந்த நாலு–எட்டு வாட்ச் (நாலு மணி முதல் எட்டு வரை காவல் முறை). கேப் ஃப்ரோவர்ட் முனையை நெருங்கும்போது தெற்கே மேகம் விலகியது. பைலட் டீயை வைத்துவிட்டு விரலை நீட்டினார். சர்மியெந்தோ மலை: இரட்டைச் சிகரம், பனியாறு கீழே கடல்பக்கம்வரை. உயரம் நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவுதான். ஆனால் இத்தாலியப் பாதிரியார் அகோஸ்தினி 1913-இல் முயன்று முடியாமல், 1956-இல்தான் அவருடைய குழு ஏறியது.

பைனாகுலரை என் கையில் கொடுத்து, தோளில் கைபோட்டுக் கதை சொன்னீர்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: 1584-இல் ஸ்பானிய மாலுமி சர்மியெந்தோ இந்த நீரிணைக் கரையில் ஆட்களைக் குடியேற்றினார். நீரிணையின் கிழக்கு வாயிலில் இருந்த இன்னொரு குடியேற்றத்துக்குப் போன இடத்தில், புயல் நங்கூரக் கயிற்றை அறுத்து அவர் கப்பலை வெளிக்கடலுக்குத் தள்ளியது. பிரேசிலிலிருந்து உதவி அனுப்பப் பார்த்தார், போய்ச் சேரவில்லை. 1586-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அவர்கள் விட்டதும் பிரான்சில் மறுபடி சிறை. 1587-இல் ஆங்கிலேய மாலுமி கேவண்டிஷ் இந்தக் கரைக்கு வந்தபோது வீடுகளுக்குள் பட்டினிப் பிணங்கள். அந்த இடத்துக்கு இன்றும் பசித் துறைமுகம் என்றே பெயர். மலைக்கு மட்டும் அவர் பெயர், பிற்பாடு ஆங்கிலேயக் கேப்டன் கிங் வைத்தது.

“பாவம்டா, மனுஷன் சும்மா இருக்கல. ராஜாவுக்கு எழுதிக்கிட்டேதான் இருந்தாரு” என்றீர்கள்.

சரி, அவர் எழுதினார். நீங்கள்? ஆபீஸில் பேசி எல்லாருடைய சம்பளப் பாக்கியையும் வாங்கித் தருகிறேன் என்று கப்பலிலிருந்து இறங்கும் கேங்வேயில் நின்று சொன்னீர்கள். டெக் ஆட்களின் தலைவர் போசன் தினமும் என்னிடம்தான் கேட்பார், “உங்க ஊர்க்காரர் ஏதாவது சொன்னாரா?” ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட எத்தனை நேரம் ஆகும்?

மதினிக்கு அப்போது ஆபரேஷன் என்று ஊருக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. அதை நீங்களே சொல்லியிருக்கலாமே அண்ணே. நாங்கள் என்ன அந்நியர்களா?

சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) பொசிஷன் போடக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். அதை எங்கே கேட்டாலும் சொல்வேன். சிபாரிசு மட்டும் வேண்டாம்.

நேரில் சொல்லலாம் என்று உங்கள் தெருமுனைவரை வந்தேன். உள்ளே வந்தால் மதினி சோறு போட்டுவிடுவார்கள், அப்புறம் இதில் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்.