ஆவுளியா மீன் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாக் விரிகுடா பக்கம் ஆவுளியா, அதாவது கடற்பசு, கரை ஒதுங்கினால் செய்தியில் 'ராட்சத மீன்' என்று போட்டுவிடுகிறார்கள். மீனா அது? நுரையீரலால் மூச்சு விடுகிறது, ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது, அந்தக் குட்டியும் ஒன்றரை வருடம் தாயை ஒட்டியே திரியும், அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும் என்பதால் ஒன்று செத்தாலே பெரிய இழப்பு. சொந்தம் என்று பார்த்தால் தரை விலங்குகளில் யானைதான் கிட்டத்து உறவு!

பெயரில்தான் பசு, குரல் அப்படி இல்லை. குருவிபோலக் கீச்சிடும், சில நேரம் குரைக்கும். கலங்கிய தண்ணீரில் தாயும் குட்டியும் ஒன்றையொன்று தொலைக்காமல் இருக்க இந்தச் சத்தம் உதவுகிறது.

கடற்புல் மேய்கிறபோது வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் சில நிமிடங்களில் செத்துவிடும். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். சரி, நல்லது. ஆனால் வலையை அறுத்து அதை விடுகிற மீனவருக்கு அந்த வலைக்கான காசு தாமதமில்லாமல் கையில் கிடைக்க வேண்டும். அதைப் பற்றியும் எழுதுங்கள்.

வாசகர், மல்லிப்பட்டினம்