யாழ்ப்பாணத்து அலங்கார மீன் கடைக்காரர்களுக்கு

அண்ணாமார், தம்பிமாருக்கு வணக்கம்.

போன மாசியில் எங்கள் ஊர்க் குளத்தடியில் ஒரு பெடியன் வாளியோடு நின்றான். வீட்டாருக்குக் கனடா விசா சரிவந்துவிட்டதாம். கண்ணாடித் தொட்டியை விற்றாயிற்று, மீனுக்கு ஆளில்லை, கொல்லவும் மனமில்லை. வாளிக்குள் இரண்டு தங்கமீன். கூடவே ஒரு சாணுக்கு மேல் நீளமாய், கறுத்துச் சொரசொரத்த ஒன்று, வாயால் வாளிச் சுவரைக் கவ்வியபடி. "டேங்க் கிளீனர், வாங்கேக்க விரலளவுதான்" என்றான்.

அந்த விரலளவுக் குஞ்சு ஒன்றரை அடி வரை வளரும் என்று விற்கும்போது யாராவது சொன்னீர்களா? தொட்டிப் பாசியை வழித்துத் தின்னும் தென்னமெரிக்க மீன் அது. உடம்பெல்லாம் ஓட்டுக் கவசம், கொக்குக்கும் விராலுக்கும் தொண்டையில் இறங்காது. செட்டை முள் வலையைக் கிழிக்கும். முட்டையிடக் கரையைக் குடைந்து வளை தோண்டும். குளக்கட்டு என்னாகும்? பாசியை வழிக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் மற்ற மீன்களின் முட்டையும் சேர்ந்தே போகும்.

ஆறில்லாத ஊர்தானே, எங்கே பரவப்போகிறது என்று நினைக்கவேண்டாம். மாரியில் குளம் நிரம்பி வழிந்தால் வாய்க்கால், வயல், அடுத்த குளம், சில இடங்களில் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு வரை ஒரே வெள்ளம். கோடையில் குளம் வற்றுவதுதான் இதுவரை நமக்கிருந்த காவல். இந்த மீனோ வெளிக்காற்றையும் மூச்செடுத்து, ஈரச் சேற்றில் தாக்குப்பிடிக்கும்.

எல்லா வெளிநாட்டு மீனும் கெட்டதென்று சொல்லவில்லை. 1952இல் கொண்டுவந்த திலாப்பியாதான் இன்று நாட்டின் நன்னீர் மீன்பிடிக்கே முதுகெலும்பு. அது அரசாங்கமே தெரிந்துகொண்டு குளங்களில் விட்ட மீன். வடமேல் மாகாணத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் பெருகிய அந்நிய விரால் அப்படியல்ல. அதுவும் அலங்கார மீனாக வந்ததென்றே கருதப்படுகிறது. 2025இல் அதைக் குறைக்கத் தூண்டில் போட்டி வைத்தும் பார்த்தார்கள்.

சரி, கேட்பது இரண்டே. தொட்டிக் கண்ணாடியில் விலையோடு, மீன் வளரும் அளவையும் எழுதி ஒட்டுங்கள். வேண்டாமென்று கொண்டுவருபவரிடம், காசு கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மீனைத் திருப்பி எடுங்கள். கடை மூலையில் ஒரு பழைய தொட்டி போதும்.

அந்தப் பெடியன் போய்விட்டான். அவனுடைய டேங்க் கிளீனர் எங்கள் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் கிடக்கிறது. எடுக்க விருப்பமுள்ளவர்கள் வாளியோடு வாருங்கள்.

இப்படிக்கு,
குளத்தடி அயலவன்