'பூக்கும் செடி' என்று சொல்லி ஆர்க்கிட் குட்டிகளை அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், தண்டையார்பேட்டை, சென்னை – 81

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர், ஆன்லைன் செடி விற்பனைப் பிரிவு

பொருள்: நான்கு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் செடிகளுக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

உங்கள் தளத்தில் டென்ட்ரோபியம் சோனியா நான்கு வாங்கினேன், ஒன்று 450 ரூபாய். 'பிளூமிங் சைஸ், மூன்று நான்கு தண்டுகள், அடுத்த சீசனில் பூக்கும்' என்று போட்டிருந்தீர்கள். வந்த நான்குமே கெய்கி, அதாவது தாய்ச்செடியின் தண்டில் முளைக்கும் குட்டிச் செடி.

வேரைச் சுற்றியிருந்த கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) உதறிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வளர்ந்த செடியில் இலை உதிர்ந்து சுருங்கிய பழைய தண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இதில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒற்றைத் தண்டு. அடியில் மஞ்சளாகிப்போன தாய்த்தண்டின் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டிய இடம்கூடக் காயவில்லை. வேர் ஓர் அங்குலம் தேறாது.

என் மொட்டைமாடியிலும் பழைய தண்டுகளின் கணுவில் கெய்கி வரும். வேர் இரண்டு மூன்று அங்குலம் ஓடி, இரண்டு மூன்று இலையாவது விரியும்வரை தாயை விட்டுப் பிரிக்க மாட்டேன். பிறகு பிளேடைத் தீயில் காட்டி வெட்டி, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத்தூள் தடவி, கரியும் ஓட்டாஞ்சில்லும் போட்ட சின்னத் தொட்டியில் வைப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தாலே பூக்க ஓரிரு வருஷம் ஆகும். நீங்கள் அவசரமாகப் பிய்த்து, கோகோபீட்டில் அமுக்கி அனுப்பியிருக்கிறீர்கள். ஆர்க்கிட் வேருக்குக் காற்றோட்டம் வேண்டும். எங்கள் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்தில் அந்தக் கோகோபீட் காயவே காயாது. இரண்டு செடி அடியோடு அழுகிவிட்டது.

இதைக் கேட்டால், 'அதிகமாகத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள்' என்று ஒரே பதிலை உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். பார்சலைப் பிரித்தபோதே கோகோபீட்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது, வீடியோ இருக்கிறது. இதற்கு நடுவில், கணுவில் தடவிக் குட்டி முளைக்கவைக்கும் கெய்கி பேஸ்ட் வாங்கச் சொல்லி உங்கள் செயலியிலிருந்து விளம்பரம் வேறு. வாங்கித் தடவி, நானும் குட்டி போடவைத்து 450 ரூபாய்க்கு விற்கலாம் போல.

கெய்கி விற்பதில் தப்பே இல்லை. மாதவரம் பக்கம் நர்சரியில் கேட்டால் 'இது குட்டிங்க, பூக்க நாளாகும்' என்று சொல்லித்தான் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். குட்டியைப் பெரிய செடி என்று சொல்லிப் பெரிய செடியின் விலையை வாங்கியதுதான் என் புகார்.

நான்கு செடிக்கான 1,800 ரூபாயையும் கூரியர் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். கூப்பன் வேண்டாம். மீதமுள்ள இரண்டையும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். தளத்தில் உள்ள விவரத்தையும் திருத்துங்கள்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது, இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

இணைப்பு: பில், படங்கள், வீடியோ, உங்கள் தளப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்